ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு: விண்ணப்பம் எழுதுவதும் ஒரு பாடம்தான்



இந்த இதழின் கல்விப் பகுதியில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாடமாக எடுத்துக் கொள்கிறோம். "விண்ணப்பம் எழுதுறதுல என்ன பாடம் இருக்கு? பேரையும் விலாசத்தையும் எழுதி அனுப்புனா முடிஞ்சி போச்சி" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி அனுப்பி ஒரு வருஷத்தை இழந்த பிள்ளைகள் நமது தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர். மூன்று பாடமும் சித்தியடைந்தவர்கள்தான். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருந்திருக்கும். அல்லது நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்திருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் பாடுபட்டுப் படிக்க வைத்த பிள்ளை, ஒரு கடதாசியால் பின்தங்கிப் போகலாமா? போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

ஆசிரியர் வேலை நமக்கு ஏன் பெரிது?

தோட்டப் பாடசாலை எப்படித் தொடங்கியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுப்பதைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஆனாலும் பல தோட்டங்களில் லயத்துக் காம்பராவோ, ஒரு சிறு கொட்டகையோதான் பாடசாலையாக இருந்தது. ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் படிப்பித்தார். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. அதற்குப் பின்னர் நமது பிள்ளைகளே படித்து, நமது பாடசாலைகளுக்கே ஆசிரியர்களாகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். இன்று தோட்டத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்கிறது என்றால், அதன் பின்னால் அப்படித் திரும்பி வந்த ஒரு ஆசிரியர் பெரும்பாலும் இருப்பார்.

ஆகவே ஒரு பிள்ளை ஆசிரியராவது ஒரு வீட்டுக்குச் சம்பளம் வருவதோடு முடிகிற காரியமல்ல. அடுத்து வரும் இருபது, முப்பது வருஷத்துக்கு ஒரு பாடசாலைக்கே கிடைக்கும் பலன் அது.

ஆசிரியராக மூன்று வழிகள்

நமது நாட்டில் ஒரே ஒரு தகுதிப் பரீட்சை எழுதினால் ஆசிரியராகலாம் என்ற முறை கிடையாது. வழிகள் வேறு வேறாக இருக்கின்றன. எந்த வழிக்கு விண்ணப்பிக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக அறிந்து கொள்ள வேண்டும்.

1. தேசிய கல்வியியல் கல்லூரி. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு உரிய வழி இது. பரீட்சையில் பெற்ற இசட் புள்ளி, படித்த பாடங்கள், நேர்முகப் பரீட்சை ஆகியவற்றைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். மூன்று வருடப் படிப்பு. இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கிடைக்கும். கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி, தோட்டப் பாடசாலைகளின் தேவையை மனதில் வைத்து ஜெர்மன் நாட்டு உதவியோடு அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, தர்கா நகர் ஆகிய இடங்களிலும் தமிழ் மொழி மூலம் பயிற்சி தரும் கல்லூரிகள் உண்டு.

2. பட்டதாரி வழி. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களை மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ போட்டிப் பரீட்சை வைத்து எடுப்பதுண்டு. பொது அறிவும் நுண்ணறிவும் அத்தகைய பரீட்சைகளில் வழக்கமாக வரும் பாடங்கள். அதன்பின் நேர்முகமும், வகுப்பில் படிப்பித்துக் காட்டும் செயன்முறைப் பரீட்சையும் இருக்கலாம். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் உள்ளவை. ஆகவே மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் இருப்போர் தமது மாகாணத்தின் அறிவித்தலைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

3. உதவி ஆசிரியர் வழி. தோட்டப் பாடசாலைகளில் வெற்றிடம் கூடும்போது அரசாங்கம் இப்படி ஆட்களை எடுத்ததுண்டு. 2014இல் விண்ணப்பம் கோரி, 2015இல் நியமனம் பெற்ற ஆசிரியர் உதவியாளர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் மட்டுமே படியாகக் கொடுக்கப்பட்டது. பிறகுதான் அது 10,000 ரூபாய் ஆனது. பயிற்சிக் கலாசாலையில் படித்து முடித்து ஆசிரியர் சேவைக்குள் வர அவர்களில் பலருக்குப் பல வருஷம் சென்றது. இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நியமனம்" என்ற சொல்லைக் கண்டவுடன் சந்தோஷப்பட்டு விடாமல், அது நிரந்தர நியமனமா, பயிற்சிக் காலத்துப் படியா, எத்தனை வருஷத்துக்குள் என்ன தகைமை எடுக்க வேண்டும் என்பதையும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே முதலாவது வழியை வைத்துத்தான் பாடத்தைத் தொடர்கிறோம். ஆனால் கடதாசி ஆயத்தங்கள் மூன்று வழிக்கும் பொதுவானவை.

வர்த்தமானியை வாசிப்பது எப்படி?

அரசாங்க விண்ணப்பம் எதுவானாலும் அதன் தாய்க் கடதாசி வர்த்தமானிதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மொழியிலும் வெளியாகிறது. பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் பகுதி ஒன்று, தொகுதி இரண்டு 'அ'வில் இருக்கும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். பிள்ளையின் போன் போதும்.

கையில் பேனாவை வைத்துக்கொண்டு கீழே உள்ள ஐந்தையும் தேடிக் கோடு போடுங்கள்:

- முடிவுத் திகதி. கடிதம் "கிடைக்க வேண்டிய" திகதியா, இணையத்தில் "பதிய வேண்டிய" திகதியா என்று பாருங்கள்.
- எந்த ஆண்டின் உயர்தரப் பரீட்சை. நாம் எழுதிய வருஷம் அதில் இருக்க வேண்டும்.
- வயது. எந்தத் திகதியில் எத்தனை வயது என்று எழுதியிருப்பார்கள். இன்றைய வயதைப் பார்க்கக் கூடாது. அந்தத் திகதிக்குக் கணக்குப் பாருங்கள்.
- பாடநெறிக்கு வேண்டிய பாடங்கள். ஆரம்பக் கல்விக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று வேறு வேறாக இருக்கும். சாதாரண தரப் பெறுபேறும் பார்க்கப்படும்.
- வதிவிடம். எந்த மாவட்டம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, தோட்டத்தில் வசிப்பவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருக்கும்.

போன வருஷம் அக்கா எப்படி நிரப்பினாள் என்பதைப் பார்த்து இந்த வருஷம் தங்கை நிரப்பக் கூடாது. நிபந்தனைகள் மாறுவதுண்டு. அந்தந்த வருஷ வர்த்தமானி சொல்வதே சட்டம்.

முதலாவது தடை: பெயர்

நமது ஆட்களுக்குப் பெயரில் வரும் சிக்கல் மற்றவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. பிறப்பைப் பதிந்தவர் ஒருவர், பாடசாலை இடாப்பில் எழுதியவர் ஒருவர், அடையாள அட்டைக்கு எழுதியவர் இன்னொருவர். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதிய இடங்களும் உண்டு. இரவுப் பாடசாலைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பேச்சைக் கேளுங்கள்:

தாய்: சேர், புள்ளைக்குப் பொறப்புச் சான்றிதழ்ல "லெட்சுமி"ன்னு மட்டுந்தான் இருக்கு. ஐடென்டி கார்டுல அவங்க அப்பா பேரையும் சேத்து "லக்ஷ்மி"ன்னு வந்துருச்சி. ஸ்கூல்ல மூனாவது மாதிரி இருக்கு.

ஆசிரியர்: அம்மா, இதுக்குப் பயப்பட வேணாம். ஆனா இன்னைக்கே தொடங்கனும். விண்ணப்பம் கேட்ட பொறகு தொடங்குனா நேரம் பத்தாது.

மகள்: எதை அடிப்படையா வச்சிக்கிறது சேர்?

ஆசிரியர்: பொறப்புச் சான்றிதழத்தான், புள்ள. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால வர்ற கடதாசி. ஐடென்டி கார்டு பிழையா இருந்தா கிராம சேவகர்கிட்ட போய், திருத்தின அட்டைக்கு விண்ணப்பம் போடனும். பொறப்புச் சான்றிதழே பிழைன்னா பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்டப் பதிவாளரப் பாக்கனும்.

தாய்: அதெல்லாம் வந்து சேர நாளாகுமே, சேர். அதுக்குள்ள கூப்பிட்டுட்டா?

ஆசிரியர்: அதுவரைக்கும் சமாதான நீதவான் முன்னால ஒரு சத்தியக் கடதாசி முடிச்சி வைங்கம்மா. இந்தப் பேர்ல இருக்கிறவரும் அந்தப் பேர்ல இருக்கிறவரும் ஒரே ஆள்தான்னு அதுல எழுதனும். எல்லா இடத்துலயும் அதுவே போதும்னு சொல்ல முடியாது. ஆனா நேர்முகத்துல கேக்குறப்போ கையில ஒன்னுமில்லாம நிக்கிறத விட அது நல்லது. திருத்துற வேலையையும் விட்டுறக் கூடாது.

மகள்: விண்ணப்பத்துல எந்தப் பேர எழுதுறது சேர்?

ஆசிரியர்: அடையாள அட்டையில இப்ப எப்படி இருக்கோ அப்படியே, ஒரு எழுத்தும் மாத்தாம. வர்த்தமானி வேற மாதிரி சொன்னா அதுபடி. நமக்குப் புடிச்ச மாதிரி எழுதக் கூடாது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடையாள அட்டை பதினைந்து வயதிலிருந்தே எடுக்கலாம். சாதாரண தரம் எழுதும் காலத்திலேயே பாடசாலை அதிபர் மூலமாக விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்று ஐந்து நிமிஷம் செலவழித்தால் பின்னால் ஐந்து மாதம் அலைய வேண்டியதில்லை.

பிரஜாவுரிமை பற்றியும் சில வீடுகளில் இன்னும் கலக்கம் இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பரம்பரையினருக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. தாத்தா பாட்டியின் பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். போட்டோ கொப்பி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது தடை: விலாசம்

பட்டணத்தில் வீட்டு இலக்கமும் வீதியும் எழுதினால் தபால்காரர் கதவைத் தட்டுவார். நமக்கு அப்படியில்லை. பல தோட்டங்களில் கடிதம் தோட்ட ஆப்பீசுக்குப் போய், அங்கிருந்து டிவிஷனுக்கு வந்து, யாராவது ஒருவர் கையில் லயத்துக்கு வந்து சேரும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பதும் உண்டு. நேர்முகக் கடிதம் இடையில் ஒரு வாரம் கிடந்தால் போதும், பிள்ளையின் வாய்ப்புப் போய்விடும்.

ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு விலாசம் கேட்டால் இரண்டையும் யோசித்து எழுதுங்கள்.

நிரந்தர விலாசம்: இது தோட்டத்து விலாசமாகவே இருக்க வேண்டும். லய இலக்கம் அல்லது வீட்டு இலக்கம், டிவிஷன், தோட்டம், தபால் நிலையம் என்று ஒழுங்காக எழுதுங்கள். கடிதம் சீக்கிரம் வரும் என்று நினைத்துப் பட்டணத்துக் கடையின் விலாசத்தை இந்த இடத்தில் எழுதக் கூடாது. வாக்காளர் இடாப்பிலும் கிராம சேவகர் சான்றிதழிலும் நீங்கள் தோட்டத்தில் இருப்பதாகத்தான் இருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் தோட்டத்துப் பிள்ளை என்பதை நிரூபிப்பதே கஷ்டமாகிவிடும்.

தபால் விலாசம்: கடிதம் உண்மையாகவே கைக்கு வரும் இடத்தை எழுதுங்கள். பாடசாலையாக இருக்கலாம், பட்டணத்தில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீடாக இருக்கலாம். அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு விலாசம் மட்டும் கேட்டால் தோட்டத்து விலாசத்தையே எழுதி, ஆப்பீசில் தபால் பிரிக்கும் ஐயாவிடம் "புள்ளைக்கு இன்டவியூ கடிதம் ஒன்னு வரனுங்க, வந்தா ஒரு சத்தம் கொடுங்க" என்று சொல்லி வைப்பதில் வெட்கமில்லை.

பிரதேச செயலகப் பிரிவையும் சரியாக எழுத வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து பிரிவுகள்தான். பின்னர் நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு முதலிய புதிய பிரிவுகள் வந்தன. "நாங்க எப்பவும் அம்பகமுவதான்" என்று பழக்கத்தில் எழுதிவிட வேண்டாம். கிராம சேவகரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்யுங்கள்.

அனுப்பும்போது

இப்போது பல விண்ணப்பங்கள் இணையம் வழியாகவே கேட்கப்படுகின்றன. பிள்ளை பட்டணத்துக் கொமியுனிகேஷனுக்குப் போய் நிரப்பும்போது கடைக்காரத் தம்பி வேகமாகத் தட்டிக்கொண்டே போவார். அவசரப்பட வேண்டாம். முதலில் வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் எல்லா விடைகளையும் எழுதிக்கொண்டு போங்கள். கடைசி பொத்தானை அழுத்துமுன் அடையாள அட்டை இலக்கம், சுட்டெண், பிறந்த திகதி மூன்றையும் வாய்விட்டு வாசித்துச் சரிபாருங்கள். போன் இலக்கம் பிள்ளையுடையதாகவோ வீட்டாருடையதாகவோ இருக்க வேண்டும். கடையின் இலக்கத்தைக் கொடுக்கக் கூடாது. பதிவு இலக்கம் வந்தால் எழுதிக் கொள்ளுங்கள். அச்சிட்ட பிரதியையும் தபாலில் கேட்டிருந்தால் அனுப்ப மறக்க வேண்டாம்.

தபாலில் அனுப்புவதாக இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் எழுதச் சொன்னதை எழுதுங்கள். தபால் நிலையத்தில் தரும் பற்றுச்சீட்டை நிரப்பிய விண்ணப்பத்தின் போட்டோ கொப்பியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மூலச் சான்றிதழை எக்காரணம் கொண்டும் தபாலில் அனுப்பக் கூடாது. சான்றுப்படுத்திய பிரதி போதும். மூலத்தை நேர்முகத்தில் காட்டலாம்.

"எனக்கு மேலிடத்துல ஆள் இருக்கு, காசு குடுத்தா கல்லூரிக்கு எடுத்துத் தாரேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டு எவரிடமும் கொடுக்காதீர்கள்.

அரசாங்க அலுவலகத்தில் தமிழில் படிவம் கேட்பதற்கும் தயங்க வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

நேர்முகத்துக்கு முன்

கடிதம் வந்ததும் அதில் கேட்ட கடதாசிகளை அதே வரிசையில் ஒரு பைலில் அடுக்குங்கள். ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள், உங்கள் பாடசாலையில் என்ன குறை கண்டீர்கள் என்பது போன்ற கேள்விகள் வரலாம். மனப்பாடம் செய்த பேச்சு வேண்டாம். தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து வாசிக்க வைத்தது, விளையாட்டு, சாரணர், அறநெறி வகுப்பு என்று உண்மையாகச் செய்ததைச் சொல்லுங்கள். அவற்றுக்குச் சான்றிதழ் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். தெரிவான பின் ஒப்பந்தம் எழுதும்போது பிணையாளர் தேவைப்படலாம். அதற்கும் குடும்பத்தில் முன்பே பேசி வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

இந்தக் கிழமை சம்பள நாளோ ஓய்வு நாளோ பார்த்து, ஒரு மணித்தியாலம் குடும்பமாக உட்காருங்கள்.

1. ஒரு பைல் வாங்குங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை அதில் வையுங்கள். கூரை ஒழுகும் வீடானால் பொலித்தீன் உறையில் போடுங்கள்.
2. எல்லாக் கடதாசியிலும் உள்ள பெயரை ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். வித்தியாசம் தெரிந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். அந்த வட்டம்தான் உங்கள் முதல் வேலை.
3. வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள்.
4. நிரந்தர விலாசத்தையும் தபால் விலாசத்தையும் இன்றே எழுதி பைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.
5. வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவருக்குக் கொடுங்கள்.

பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கிறது என்றாலும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். அப்போது செய்தால் இன்னும் நல்லது. மழைக்கு முன்பே கூரையைப் பார்க்கிறவர்கள்தானே நாம்.

வாசிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர் வீட்டிலும் உயர்தரம் எழுதிய ஒரு பிள்ளை இருக்கலாம்.